சாமி படத்தின் பின்பக்கம்

என்னைப் பெற்ற நைனா விழுந்ததற்கு நீங்கள்தான் காரணம், மேனேஜர் சார். அவர் விழுந்தது புத்தூருக்குப் பக்கத்தில், எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகை ஓரத்தில். நீங்கள் அப்போது திருப்பதியில் உங்கள் ஏசி அறையில் இருந்திருப்பீர்கள். ஆனாலும் காரணம் நீங்கள்தான். வீட்டுக்குப் போகிற நோயாளி ஒவ்வொருவர் கையிலும் உங்கள் ஆஸ்பத்திரி ஒரு பளபளப்பான மருந்துச் சீட்டு கொடுக்கிறது. அதில் சாமி படத்தைப் பெரிதாகப் போடு என்று சொன்னவர் நீங்கள். நான் வேண்டாம் என்றபோது சிரித்தவரும் நீங்கள். பிறகு என் நைனாவின் கோப்பில் 'நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை' என்று எழுத வைத்தவரும் நீங்கள்.

அந்த வரியை நீங்கள் அடித்து நீக்க வேண்டும். இதை எழுதுவது அதற்காகத்தான். எனக்கு அழகாக எழுத வராது. லேஅவுட் போட வரும், அவ்வளவுதான். அந்தச் சீட்டுக்கு லேஅவுட் போட்டதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதை நீங்கள் சொல்லிக் காட்டுவீர்கள்.

நான் மவுஸ் பிடித்தது முப்பத்தெட்டு வயதில். அதற்கு முன்னால் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றேன். ஆறு வருஷம். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, டேப், பிளேடு. பெட்டியில் மேலே பார்க்கிற அம்பு இருந்தால் அந்தப் பக்கம் மேலே. குடை இருந்தால் நனையக் கூடாது. கண்ணாடி தம்ளர் இருந்தால் போட்டு உடைக்காதே. ஒரு எழுத்தும் வேண்டாம், பீகாரிலிருந்து வந்தவனுக்கும் புரியும், எனக்கும் புரியும். அப்போது அதை யாரோ யோசித்து வரைந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டி என்றால் அம்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை மட்டும் உறைத்தது. பையில் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுகிற கோட்டை அந்த மாதம் இரண்டு விரல் கீழே இறக்கி அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கோட்டில் வெட்டினோம். உள்ளே இருந்த சாமானெல்லாம் கீறல். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, கண் எங்கே போச்சு என்று கேட்டார். கண் கோட்டின் மேல்தான் இருந்தது. கோடு போட்டவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முட்டி வலி வந்து, நின்று செய்கிற வேலை முடியாமல் போனது. திருப்பதியில் ஒரு அச்சுக்கடையில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கத்திலிருந்து பத்திரிகை அடிக்க வருகிறவர்களுக்குத் தமிழில் வேண்டும். கடை ஓனருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு இரண்டும் வரும். ஆனால் கம்ப்யூட்டர் வராது. பரவாயில்லை, கற்றுக்கொள் என்றார்.

கற்றுக்கொடுத்தது கடையில் இருந்த ஒரு பெண். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், தெலுங்குப் பெண், வாயாடி. நான் மவுஸைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டாதே அக்கா, அது ஓடிவிடாது என்றாள். பக்கம் என்றால் வெள்ளைத் தாள், அதில் பெட்டி பெட்டியாகப் போட வேண்டும், எழுத்துக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி என்று சொன்னாள். இதைத்தானே ஆறு வருஷம் செய்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பெட்டிக்குள் என்ன அடங்கும், எது அடங்காது என்று என் கைக்குத் தெரியும்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு விஷயம் உண்டு. பெட்டிக்குள் எழுத்து அடங்காவிட்டால் பெட்டியின் மூலையில் சின்னதாகச் சிவப்புக் கூட்டல் குறி வரும். உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது, ஆனால் வெளியே தெரியவில்லை என்று அர்த்தம். அச்சடித்தால் அந்த எழுத்து வராது. சத்தம் போடாது, எச்சரிக்காது, அந்தச் சின்னக் குறி மட்டும்தான். மூன்றாவது வாரத்தில் ஒரு கருமாதிப் பத்திரிகையில் அதைக் கவனிக்காமல் விட்டேன். கடைசி இரண்டு வரி போய்விட்டது. அதில்தான் இடம் இருந்தது. செத்தவரின் மகன் மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தான்.

"எங்க வந்து துன்னுட்டுப் போறதுன்னு போடலயேம்மா. சொந்தக்காரங்கல்லாம் ஊர் ஊரா தேடிக்கினு கீறாங்க" என்றான்.

அவன் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அன்றிலிருந்து எந்தப் பக்கத்தை முடித்தாலும் நான்கு மூலையும் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

அப்புறம் கடைக்கு வெளியேயும் கண் போக ஆரம்பித்தது. தினமும் புத்தூரிலிருந்து ரயில் ஏறி ரேணிகுண்டாவில் மாறித் திருப்பதிக்கு வருகிறவள் நான். வழியில் பார்க்கிறதெல்லாம் யாரோ ஒருத்தர் போட்ட பக்கம் என்று தெரிந்துபோனது. மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். காலாவதித் தேதி ஒரே ஒரு ஓரத்தில் இருந்தது. இரண்டு மாத்திரை வெட்டிக் கொடு என்று கேட்கிறவர்கள்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர். கடைக்காரர் வெட்டிக் கொடுத்த துண்டில் தேதி இல்லை. இதை வரைந்தவன் ஒருநாளும் இரண்டு மாத்திரை வாங்கியிருக்க மாட்டான். பால் பாக்கெட் பரவாயில்லை. படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைச் சொல்லி வாங்குகிறார்கள். கவர்ன்மெண்ட் பஸ்ஸில் எண் தெரிகிறது, தனியார் பஸ்ஸில் ஊர்ப் பெயரைத் தவிர எல்லாம் தெரிகிறது. ரயிலில் என்னோடு வருகிறவர்கள், இந்தம்மாவுக்கு என்ன, போர்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வருகிறது என்று சிரிப்பார்கள்.

எனக்குப் பிடித்த ஒரு வேலை அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படி ஏறுகிற வழியில் இருந்தது. வேண்டுதலுக்குப் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற பெண்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். நான் ஏறினபோது ஒரு படியில் எண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நடுவில் எழுதவில்லை, ஓரமாக எழுதியிருந்தது. நடுவில் எழுதியிருந்தால் மஞ்சளில் மூடிப்போயிருக்கும். எழுதினவனுக்கு அது தெரிந்திருக்கிறது. அவன் அங்கே நின்று, இங்கே ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறான். அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த என் அண்ணி, முட்டி வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, நல்லா எழுதியிருக்காங்க என்றேன். அண்ணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இப்படி நான் கொஞ்சம் தேறியிருந்தபோதுதான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. முதலில் நான் போட்டுக் கொடுத்த சீட்டு ஒரு பக்கம் மட்டும்தான். மேலே சிவப்புக் கட்டத்தில், நிறுத்த வேண்டிய பழைய மாத்திரைகள். அதற்குக் கீழே கொடுத்த மாத்திரைகளின் பட்டியல், காலை மதியம் இரவு என்று மூன்று பத்தி, பத்திக்கு மேலே சூரியனும் நிலாவும். தெலுங்கும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில். தெலுங்கில் எழுத்துக்குக் கீழே எழுத்து தொங்கும், அது அடுத்த வரியில் இடிக்காமல் இருக்க வரிக்கு வரி இடம் விட்டேன். சாதாரண வெள்ளைத் தாள், நர்ஸ் பேனாவில் எழுதினால் ஒட்டும். நான்காக மடித்தால் மடிப்பு எந்த எழுத்தின் மேலும் விழாது. அதை மட்டும் மூன்று நாள் மடித்து மடித்துப் பார்த்தேன்.

நீங்கள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தீர்கள்.

"ஏம்மா, இதி ரேஷன் சீட்டா?" என்று கேட்டீர்கள்.

ஓனர் சிரித்தார். நீங்கள் சிரித்தால் அவர் சிரிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மரியாதை வேண்டும் என்றீர்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பர், நாலு கலர், மேல் பாதி முழுக்க வெங்கடேஸ்வர சாமி, அவர் காலடியில் உங்கள் கட்டடம். மாத்திரைப் பட்டியல் கீழ்ப் பாதியில். மிச்சம் பின்னால் போகட்டும் என்றீர்கள். பளபளப்பில் பேனா வழுக்கும் சார் என்றேன். வேறு பேனா வாங்கிக்கொள்கிறோம் என்றீர்கள். இந்தச் சிவப்புக் கட்டம் முன்னால் இருக்க வேண்டும் என்றேன். பின்னால் போட்டாலும் அச்சில்தானே இருக்கும் என்றீர்கள். சாமி படம் இவ்வளவு பெரிதாக எதற்கு என்று கேட்டேன்.

"சாமி இருந்தா ஒருத்தனும் கீழே போட மாட்டான்மா. பத்திரமா வெச்சிப்பான்."

"வெச்சிப்பாங்க சார். எங்க வெச்சிப்பாங்க?"

நீங்கள் ஓனரைப் பார்த்து, இந்தம்மாவுக்கு பக்தி கம்மி போலிருக்கே என்றீர்கள். பேச்சு அதோடு முடிந்தது.

நேர்மையாகச் சொல்கிறேன். எங்கே வைப்பார்கள் என்று நான் கேட்டபோது எனக்கும் பதில் தெரியாது. சாமி முகத்தில் மடிப்பு விழும் என்று மடிக்க மாட்டார்கள், மடிக்காவிட்டால் சட்டைப் பையில் அடங்காது, அந்த அளவுக்குத்தான் யோசித்தேன். தமிழை எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னபோது மட்டும் விடவில்லை. இந்தப் பக்கத்து நோயாளியில் தமிழர்கள் எத்தனை பேர், வெளியே போய்ப் பாருங்கள் என்றேன். சரி, எங்கேயாவது இடம் இருந்தால் போடு என்றீர்கள். இடம் இருந்தது ஒரே இடத்தில்தான். பின்பக்கம், மேல் பாதி; கீழ்ப் பாதியை உங்கள் டாக்டர்கள் பட்டியல் பிடித்துக்கொண்டது. சிவப்புக் கட்டத்தை இரண்டு மொழியிலும் அங்கே போட்டேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் செய்தது. படம் அப்படியே பட்டியலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இல்லை. அதனால் படத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு தங்கக் கோடு போட்டேன். நான்கு பக்கமும். ஃபிரேம் போட்ட மாதிரி ஜம்மென்று ஆகிவிட்டது. அந்தப் பெண்கூட, அக்கா, இப்போதுதான் நீ டிசைனர் என்றாள். அச்சாகி வந்ததில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அண்ணிக்குக் காட்டினேன். நான் போட்டது என்றேன்.

ஆறு வருஷம் பிளேடு பிடித்தவள் நான். கோடு போட்டால் ஜனங்கள் அங்கே வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

எட்டு மாதம் கழித்து நைனாவுக்குக் காலில் புண் வந்து ஆறவில்லை. சர்க்கரை ஏறியிருந்தது. அண்ணன் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார். ஐந்து நாள் இருந்தார். நன்றாகப் பார்த்தார்கள், அதில் பொய் சொல்ல மாட்டேன். டாக்டர் புத்தூரில் வாங்கிக்கொண்டிருந்த பழைய சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு அதைவிட வீரியமான புது மாத்திரை கொடுத்தார். புதிது என்ன என்பது சீட்டின் முன்பக்கம். பழையதை நிறுத்து என்பது பின்பக்கம். நர்ஸ் வேகமாகத் தெலுங்கில் சொல்லிவிட்டு, எல்லாம் இதில் இருக்கிறது என்று சீட்டை அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. முகூர்த்த நாள் நெருங்கி, கடையில் கல்யாணப் பத்திரிகை குவிந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் நைனா குளித்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணியெல்லாம் வெளியே குவிந்திருக்க, சீட்டை மட்டும் தனியாக எடுத்துத் துடைத்திருக்கிறார். அண்ணனின் சவர பிளேடை வாங்கி, ஸ்கேல் வைத்து, தங்கக் கோட்டின் மேலேயே வெட்டியிருக்கிறார். பிசிறே இல்லை. சோற்றுப் பருக்கை தடவி சாமி மாடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கீழ்ப் பாதியை, மாத்திரைப் பட்டியலை, மாத்திரை டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் எழுதியபடி ஒரு வேளை தவறாமல் போட்டிருக்கிறார். பழைய மாத்திரையும் அதே டப்பாவில்தான் இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி அவர் கையில் இருந்த தாளில் எதுவும் இல்லை. அதையும் போட்டார்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு மோட்டார் போடப் போனவர் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்துப்போய் விழுந்தார். அண்ணன் ஓடிப்போய் வாயில் சர்க்கரை போட்டுத் தட்டி எழுப்பினார். உயிர் வந்தது. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. மறுபடி உங்கள் ஆஸ்பத்திரிதான், ஆபரேஷன். புத்தூரில் எலும்புக் கட்டுப் போட்டால் ஆகாதா என்று கேட்டு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அண்ணன் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைனா படுத்த படுக்கையாக வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் மாடத்தைப் பார்த்தேன். அந்தத் தங்கக் கோடு பாதி மிச்சமிருந்தது. என் கோடு எனக்குத் தெரியாதா? துணியை நனைத்து ஒரு மூலையிலிருந்து உரிக்க ஆரம்பித்தேன். நைனா கட்டிலிலிருந்து பார்த்துவிட்டார்.

"இன்னாமா பண்ற? சாமிய ஏன் கிழிக்கிற?"

"பின்னாடி எழுதிக் கீது நைனா."

"சாமிக்குப் பின்னாடி இன்னா எழுதிக் கீது?"

உரித்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பருக்கை ஒட்டின இடமெல்லாம் கிழிந்திருந்தது. சிவப்புக் கட்டமும் 'பழைய சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தவும்' என்கிற வரியும் நன்றாகவே தெரிந்தன. தமிழில்தான் இருந்தது. அவருக்குத் தமிழ் படிக்க வரும். மெதுவாகப் படித்தார்.

"எதுக்கு நைனா வெட்டின?"

"கால் வலிக்கிற தைலம் கீற டப்பாவுல சாமிய எப்பிடிமா வெக்கிறது?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், என் மேலதான் தப்பு, எழுதிக் கொடுத்ததை நான்தான் வெட்டிட்டேன், அறிவு கெட்டவன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எழுபது வயதுவரைக்கும் ஒருத்தன் அவரை அறிவு கெட்டவன் என்று சொன்னதில்லை.

மறுநாள் அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டுக்கொண்டு உங்களைப் பார்க்கக் கிளம்பினேன். திருப்பதி ஸ்டேஷனில் ஏறின ஆட்டோவில் முன்கண்ணாடிக்குக் கீழே அதே சாமி, அதே தங்கக் கோடு. பளபளப்பு அப்படியே இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், அங்கே கொடுத்தார்கள், படம் ரொம்ப நன்றாக இருக்கிறதே என்று ஒட்டிக்கொண்டேன் என்றார் டிரைவர். பின்னால் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"எனக எவரு சூஸ்தாரு மேடம்?" என்றார். பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். இறங்குகிறதற்கு முன், பழைய மாத்திரை எதையாவது நிறுத்தச் சொன்னார்களா, இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

உங்கள் லாபியில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கவரைத் திறந்து காட்டி நடந்ததைச் சொன்னேன். சாமி படத்துக்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது, இந்தச் சீட்டை இன்றைக்கே நிறுத்துங்கள், நானே வேறு போட்டுத் தருகிறேன் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். நீங்கள்தான் சத்தமாகப் பேசினீர்கள்.

"மருந்துச் சீட்டை எவனாவது வெட்டுவானா? படிச்சவங்க யாரும் இப்படிச் செய்யலையே. உங்க ஊர்க்காரங்களுக்கு அறிவில்லைன்னா ஆஸ்பத்திரி இன்னா பண்ணும்?"

உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் மடியிலேயே அந்தச் சீட்டு இருந்தது. கோப்பை எடுத்து வரச் சொல்லி அந்த வரியையும் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அறிவுரையைப் பின்பற்றவில்லை. ஆபரேஷன் அன்றைக்கே எழுதியாயிற்று, யாரும் நைனாவிடம் ஏன் என்று ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே.

சார், நீங்கள் எத்தனை வருஷமாகத் திருப்பதியில் இருக்கிறீர்கள்? இந்த ஊரில் பழைய காலண்டரிலிருந்து சாமியை வெட்டி எடுக்காத வீடு ஒன்று காட்டுங்கள். ஊதுபத்தி அட்டையில் சாமி படம் இருந்தால் அந்த அட்டையைக் குப்பையில் போட மனசு வராமல் மாடத்திலேயே சேர்த்து வைக்கிறவர்கள் நாங்கள். உங்கள் வீட்டு மாடத்திலும் அப்படி ஏதாவது இருக்கும், போய்ப் பாருங்கள். சாமியை வைத்தால் பத்திரமாக வைப்பார்கள் என்று சொன்னவர் நீங்கள்தானே? அவர் பத்திரமாகத்தான் வைத்தார். நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்களோ அதைத்தான் செய்தார். அது எப்படி அறிவில்லாத்தனம் ஆகும்?

நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் புதுச் சீட்டு ஒன்று போட்டேன். உங்களுக்குச் சாமி வேண்டும் அல்லவா, வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தனி அட்டையாக்கி, பின்னால் வெறுமையாக விட்டு, சீட்டோடு சேர்த்துக் கொடுக்கிற மாதிரி செய்தேன். வெட்ட வேண்டியதே இல்லை. மருந்துச் சீட்டில் சிவப்புக் கட்டம் முதல் வரியில். எங்கள் தெருவில் ஆறு வீட்டில் கொடுத்து, இதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அட்டை மாடத்துக்குப் போனது, சீட்டு மாத்திரை டப்பாவுக்குப் போனது. நான்காவது வீட்டில் ஒரு அம்மா, சீட்டில் சாமி இல்லாததால் அதில் மளிகைக் கணக்கு எழுதப் பார்த்தார். அதனால் வெறுமையாக விட்டிருந்த ஓரத்தைக் குறைத்தேன். இப்படித்தான் சார் லேஅவுட் போட வேண்டும். முதல் தடவையே நான் இதைச் செய்திருக்க வேண்டும். மூன்று நாள் தாளை மடித்துப் பார்த்தவள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. தங்கக் கோடும் என்னுடையது. நைனாவிடம் சொல்லிவிட்டேன், அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், இங்கே எழுதியும் விட்டேன்.

நைனா கேட்டுவிட்டு, நீ இன்னாமா பண்ணுவ, அவுங்க சொன்னதத்தான பண்ண என்றார். என் தப்பை நான் ஏற்றுக்கொள்ளவும் அவர் விடவில்லை. தன் தப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியே எழுதிவிட்டதாம், அப்புறம் இவள் சொல்லி என்ன ஆகும் என்று நினைக்கிறார். வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அறிவு கெட்டவன் நடந்து எங்கே போகப் போகிறேன் என்று அண்ணியிடம் கேட்டாராம்.

புதுச் சீட்டை உங்கள் மேசையில் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் கடைக்கு ஆர்டர் வந்தது. சித்தூரில் புதுக் கிளை திறக்கிறீர்களாம். பழைய சீட்டையே, பெயரை மட்டும் மாற்றி, இன்னும் நிறைய அடிக்க வேண்டுமாம். சாமியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த ஃபைலைத் தொட மாட்டேன் என்று ஓனரிடம் சொன்னேன். நீ தொடாவிட்டால் அந்தப் பெண் தொடுவாள், அதோடு உனக்கு வேலையும் இருக்காது என்றார். எனக்குக் கற்றுக்கொடுத்த பெண் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீடு இருக்கிறது, நான் அவளைக் குறை சொல்லவில்லை.

நீங்கள் நினைத்தால் ஒரு போனில் இதை நிறுத்தலாம். நிறுத்த வேண்டுமென்றால் முதல் சீட்டு தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் நைனா கோப்பில் எழுதின வரியை அடித்து நீக்க வேண்டும். அதனால்தானே அடுத்த ஊருக்கும் அதையே அனுப்புகிறீர்கள்?

என்னைத் தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். ஓனர் மூலமாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். என் நைனாவை அறிவில்லாதவர் என்று நீங்கள் சொன்னது லாபியில், ஐம்பது பேர் முன்னால். அதே லாபியில், அதே கூட்டம் இருக்கிற நேரத்தில், டோக்கன் கூப்பிடுகிற மைக்கை எடுத்து, தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்து என்கிற வரியைச் சாமி படத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டது யார்? வெட்டியது தப்பா, வெட்டும்படி செய்தது தப்பா? நைனாவை வண்டியில் வைத்து நானே அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அவர் காதில் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.